ஒழுகும் இடமும் ஊறும் இடமும்

பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் 1950களிலும் 60களிலும் செய்த கார்கள் பலவற்றில், கிளட்ச் குடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அந்தத் துளைக்குள் ஒரு ஸ்பிளிட் பின்னை விட்டு, விழுந்துவிடாதபடி அதன் கால்களை அகட்டிவைத்திருப்பார்கள். அந்தப் பின் எதையும் எதனோடும் இணைப்பதில்லை. வண்டி ஓடும்போது லொடலொடவென்று ஆடிக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. ஆடினால் துளையில் அழுக்கு சேராது. துளை திறந்திருந்தால் இன்ஜினின் பின்முனையிலிருந்து வரும் எண்ணெய் கிளட்ச் பிளேட்டை நனைக்காமல் தரைக்குப் போய்ச் சேரும். எண்ணெய் வரும் என்பது வரைபடம் போட்டவருக்கே தெரிந்திருக்கிறது. அதை முற்றிலும் தடுக்க அவர் மெனக்கெடவில்லை. வந்தால் எந்த வழியாகப் போகவேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்துவிட்டார்.

அந்த வரைபடத்தின் வாரிசுகள் இந்தியச் சாலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடின. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார், கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாடாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கையில் அம்பாசிடர் ஆனது. சில காலத்திலேயே பி.எம்.சி.யின் 1,489 சிசி ‘பி சீரிஸ்’ இன்ஜின் அதற்குள் வந்தது. பிறகு அதே குடும்பத்து டீசல் இன்ஜினும், 1990களில் இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் வந்தன. 2014 மே மாதம் உத்தர்பாடா ஆலை நின்றது. அதே ஆண்டின் தொடக்கத்தில், 1983இலிருந்து வந்துகொண்டிருந்த மாருதி 800இன் உற்பத்தியும் முடிந்தது. இந்தியாவின் இரண்டு தலைமுறைக் கார்கள் ஒரே ஆண்டில் பழைய கார்களாகிவிட்டன. இன்று இவற்றை வைத்திருப்பவர்கள் பிடிவாதத்தாலோ பாசத்தாலோ வைத்திருக்கிறார்கள். இரு சாராரும் காலையில் காரை எடுத்ததும் செய்கிற காரியம் ஒன்றுதான்: கார் நின்ற தரையைக் குனிந்து பார்ப்பது.

தரையில் கறை இருக்கிறது. பட்டறைக்குப் போனால் பதில் தயாராக இருக்கிறது. “பின்னாடி ஆயில் சீல் போயிருச்சு சார். கியர்பாக்ஸ இறக்கணும்.” சீலின் விலை சில நூறு ரூபாய்தான். அதை அடைவதற்கான கூலி அதைப்போல் பல மடங்கு. கியர்பாக்ஸ், கிளட்ச், பிளைவீல் எல்லாவற்றையும் கழற்றினால்தான் அந்த இடம் கண்ணுக்கே தெரியும். கழற்றி, மாற்றி, மாட்டி வண்டி வெளியே வருகிறது. ஒரு வாரத்தில் அதே இடத்தில் அதே கறை.

இந்த அனுபவம் இல்லாத பழைய கார்க்காரர் குறைவு. மெக்கானிக்கின் நேர்மையைச் சந்தேகிப்பது எளிது. ஆனால் பெரும்பாலும் கோளாறு நேர்மையில் இல்லை. ஓட்டு வீட்டில் மழை ஒழுகுவதைப் போன்ற சங்கதி இது. கூடத்தின் நடுவே சொட்டுகிறது என்றால், ஓடு உடைந்திருப்பது மோட்டுக்குப் பக்கத்தில் எங்கோ இருக்கலாம். நீர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பத்தடி ஓடிவந்து சொட்டியிருக்கும். இன்ஜினில் புவியீர்ப்போடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. ரேடியேட்டர் விசிறியும் வண்டியின் வேகமும் எண்ணெயைக் கீழே தள்ளுவதோடு பின்னாலும் தள்ளுகின்றன. எனவே முன்னால், மேலே கசிந்தது எதுவானாலும் கடைசியில் வந்து தொங்குவது இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் அந்தத் தாழ்வான மூலையில்தான். பின் சீல் மீது விழும் பழிகளில் பெரும்பகுதி அதற்குரியது அல்ல.

அம்பாசிடரில் இந்தப் பழி இன்னும் வேடிக்கையானது. மூன்று மெயின் பேரிங் கொண்ட பழைய பி சீரிஸ் பெட்ரோல் இன்ஜினின் பின்முனையில், போவதற்கு ரப்பர் சீலே கிடையாது. கிராங்க் தண்டின் பின்பகுதியில் மரை வெட்டியிருப்பார்கள். தண்டு சுழலும்போது, வெளியேறப் பார்க்கும் எண்ணெயை அந்த மரை திருகித் திருகி உள்ளே அனுப்பிவிடும். மரைக்கும் அதைச் சூழ்ந்த உறைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. ஒன்றையொன்று தொடாததால் தேய்மானம் இல்லை. இன்ஜின் ஓடும்வரை இது நன்றாகவே வேலை செய்யும். நிறுத்தியதும் மரைக்கு வேலை இல்லை. மிச்சமிருக்கும் எண்ணெய் இடைவெளி வழியாக மெல்ல இறங்கும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மூக்கு மேட்டைப் பார்க்க வண்டியை நிறுத்தினால் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். மெயின் பேரிங் தேய்ந்து கிராங்க் தண்டு தணிந்தால் அந்த மயிரிழைக் கணக்கே தப்பிப்போகும். அப்போது தேவைப்படுவது பேரிங் வேலை. 1964இல் எம்.ஜி.பி. காருக்காக இதே இன்ஜினை ஐந்து பேரிங் கொண்டதாக மாற்றியபோதுதான் பின்முனைக்கு ரப்பர் உதடு கொண்ட சீல் வந்தது.

அந்தக் காலத்தின் மற்ற தீர்வுகளும் இதே மனநிலையில் பிறந்தவை. இந்தியாவில் மஹிந்திரா மூலம் பரவிய வில்லிஸ் ஜீப்பின் பழைய இன்ஜினில் பின்முனையை அடைத்தது கிராஃபைட் தோய்ந்த பின்னல் கயிறு. சுழலும் தண்டைச் சுற்றிக் கயிறு. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதற்கும் முந்தைய எண்ணெய் சீல்கள் தோலால் ஆனவை. ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் இயங்கிய ஃபிராய்டன்பெர்க் அடிப்படையில் ஒரு தோல் பதனிடும் நிறுவனம். 1929இன் பொருளாதாரச் சரிவுக் காலத்தில் அது தோல் சீல்கள் செய்யத் தொடங்கியது. 1930களில் செயற்கை ரப்பருக்கு மாறியது. சுருள் கம்பி ஒன்று ரப்பர் உதட்டைத் தண்டின்மேல் அழுத்திப் பிடிக்கும் இன்றைய ஆயில் சீலின் வடிவம் அந்தப் பத்தாண்டில் உருவானது.

அந்த ரப்பர் உதடும் தண்டை உலர்வாகத் தழுவுவதில்லை. உதட்டுக்கும் தண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒன்று எப்போதும் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் உராய்வுச் சூட்டில் உதடு கருகிவிடும். உதட்டில் லேசாக ஈரம் பூத்திருப்பதும் சொட்டுச் சொட்டாக விழுவதும் ஒன்றல்ல. பழைய இன்ஜினைப் பார்ப்பவர் முதலில் பழகவேண்டிய வேறுபாடு இதுதான்.

*

பழைய காரில் எண்ணெய்க் கசிவை அணுகும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி: அது என்ன எண்ணெய்? வெள்ளை அட்டை ஒன்றை இரவில் காருக்கு அடியில் விரித்துவைத்தால் பாதி விடை அதில் இருக்கும். கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் இன்ஜின் ஆயில். தடித்து, மூக்கைச் சுளிக்கவைக்கும் கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். பற்கள் தேயாமலிருக்கச் சேர்க்கும் பொருளின் வாடை அது. வழுவழுப்பாக, கிட்டத்தட்ட நிறமில்லாமல், சக்கரத்தின் அருகே இருந்தால் பிரேக் ஆயில். அப்போது மற்ற ஆராய்ச்சிகளை எல்லாம் நிறுத்திவிட்டு வண்டியை எடுக்காமல் இருப்பதே வேலை. பச்சையாக இருந்தால் கூலன்ட். பெல் ஹவுசிங் துளையில் வடிவது கியர் ஆயிலாக இருந்தால் இன்ஜினுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கியர்பாக்ஸின் முன் தண்டு வழியே வருகிறது. இந்த ஒரு முகர்தலைச் செய்யாததால் அவிழ்க்கப்பட்ட இன்ஜின்கள் உண்டு.

இரண்டாவது கேள்வி, அழுத்தம் உள்ள பக்கமா இல்லாத பக்கமா என்பது. இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சேம்பரிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் பம்ப் அதை அழுத்தத்தோடு ஃபில்டருக்கும் பேரிங்குகளுக்கும் அனுப்புகிறது. ஃபில்டரின் ரப்பர் வளையம், ஆயில் பிரஷர் சுவிட்ச், கேஜுக்குப் போகும் மெல்லிய குழாய், பிளாக்குக்கு வெளியே ஓடும் எண்ணெய்க் குழாய்கள் எல்லாம் அழுத்தப் பக்கம். இங்கே விரிசல் விட்டால் எண்ணெய் பீய்ச்சி அடிக்கும். அம்பாசிடரின் சேம்பரில் இருப்பது சுமார் 4 லிட்டர். குழாய் வெடித்தால் அது காலியாகச் சில நிமிடங்கள் போதும். கடைசியில் பிரஷர் விளக்கு எரியும்போது பேரிங் உரசத் தொடங்கியிருக்கும். டேப்பட் கவர், பக்க மூடிகள், சேம்பர் பேக்கிங், கிராங்கின் இரு முனைகள் ஆகியவை அழுத்தமில்லாத பக்கம். தெறிக்கும் எண்ணெயும் வடியும் எண்ணெயும் மட்டுமே அங்கே உண்டு. இந்தக் கசிவுகள் அசிங்கமானவை. ஆனால் அவசரமானவை அல்ல. தரையில் பெரிய கறை போடுவது பெரும்பாலும் இரண்டாம் வகை. முதல் வகையோ நின்ற வண்டியில் ஒரு சொட்டும் காட்டாமல் நெடுஞ்சாலையில் கொட்டித் தீர்த்துவிடக்கூடியது. கறையின் அளவைப் பார்த்து ஆபத்தை எடைபோட முடியாது.

மூன்றாவது கேள்விக்குத்தான் நேரம் பிடிக்கும். எங்கிருந்து? இருபது ஆண்டு அழுக்கும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து அப்பிய இன்ஜினைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. கழுவ வேண்டும். மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போதும். டிஸ்டிரிபியூட்டரையும் டைனமோவையும் பிளாஸ்டிக் தாளால் மூடிக்கொள்ள வேண்டும். பிறகு திருப்பூர் ஆலைகள் கழித்துவிடும் பனியன் வேஸ்ட்டால் ஒவ்வோர் இணைப்பையும் உலரத் துடைக்க வேண்டும். துடைத்த இடங்களில் முகப் பவுடரைத் தூவிவிட்டு இன்ஜினைச் சூடேறும்வரை ஓடவிட்டால், வெள்ளைப் பரப்பில் முதல் பழுப்புக் கோடு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். பார்க்கவேண்டியது நனைந்த இடங்களிலேயே மிக உயரமானதும் மிக முன்னால் இருப்பதும் எது என்பதை. அதற்குக் கீழும் பின்னும் உள்ள ஈரமெல்லாம் வழிந்துவந்ததாக இருக்கலாம்.

பவுடர் தூவும் இந்த வேலைக்கு மதிப்பான வம்சாவளி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரயில்வே பட்டறைகள் அச்சுகளில் விரிசல் தேடியது இப்படித்தான். இரும்பை எண்ணெயில் ஊறவைப்பார்கள். துடைத்துவிட்டு மேலே சுண்ணப் பொடிக் கரைசலைப் பூசுவார்கள். விரிசலுக்குள் ஒளிந்த எண்ணெய் கசிந்து வந்து வெள்ளைப் பூச்சில் கோடு போடும். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ராபர்ட் ஸ்விட்சர் அந்த எண்ணெயின் இடத்தில் புற ஊதா ஒளியில் மினுங்கும் சாயத்தை வைத்தார். தம்பி ஜோசப்போடு சேர்ந்து டே-குளோ என்ற ஒளிர் வண்ணங்களை உருவாக்கியவர் அவர். போர்க்கால விமானப் பாகங்களை அந்த முறையில் சோதித்தார்கள். இன்று இன்ஜின் ஆயிலில் ஒரு மூடி சாயத்தை ஊற்றி, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, நீல ஒளி டார்ச்சை அடித்துக் கசிவைத் தேடும் முறை அந்தச் சிந்தனையின் நேர் வாரிசு. விலையிலும் இது எட்டாத பொருள் அல்ல. ஆனாலும் நம் பட்டறைகளில் இதைக் காண்பது அரிது. அதற்கான காரணத்துக்குப் பிறகு வரலாம்.

*

இப்படிக் கழுவித் தேடும்போது பி சீரிஸ் இன்ஜினில் அடிக்கடி பிடிபடுவது யார்? இன்ஜினின் இடப்பக்கம், கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் மறைத்துக்கொண்டிருக்கும் இடத்தில், டேப்பட்டுகளை மூடும் இரண்டு தகர மூடிகள் உண்டு. ஒவ்வொன்றையும் நடுவில் ஒரே ஒரு போல்ட் பிடித்திருக்கிறது. உள்ளே கார்க் பேக்கிங். மேனிஃபோல்ட் சூட்டில் கார்க் காய்ந்து சுருங்குகிறது. பின்பக்க மூடியில் கசியும் எண்ணெய் பிளாக்கைப் பிடித்துக்கொண்டு நேராக பெல் ஹவுசிங்குக்கு இறங்கி, பின்முனைக் கசிவு போலவே வேஷம் கட்டுகிறது. மேலே நின்று பார்த்தால் மேனிஃபோல்ட் மறைக்கும். குழிக்குள் இறங்கிப் பார்த்தால் கடைசிச் சொட்டு மட்டும் தெரியும்.

கண்டுபிடித்த பிறகும் ஒரு பொறி காத்திருக்கிறது. கசிகிறதே என்று அந்த ஒற்றை போல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினால், தகர மூடி நடுவில் உள்வாங்கி ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். கசிவு கூடும். அதைப் பார்த்து மறுபடி இறுக்குவார்கள். சேம்பரின் விளிம்பிலும் இதே கதைதான். போல்ட் துளைகளைச் சுற்றித் தகரம் குழிந்து, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே எண்ணெய்க்கு வாசல் திறந்துவிடும். கைதேர்ந்த மெக்கானிக் பேக்கிங்கை வாங்கும் முன் மூடியைக் கழற்றிச் சமதளத்தில் வைத்துப் பார்ப்பார்; விளிம்பைச் சுத்தியலால் தட்டி நேராக்குவார். கடையில் கிடந்து காய்ந்த கார்க் பேக்கிங்கை வெந்நீரில் ஊறவைத்து அளவுக்குக் கொண்டுவருவார். டிரெயின் பிளக்கின் செப்பு வாஷரைப் பழுக்கக் காய்ச்சி மறுபடி மென்மையாக்குவார். பேக்கிங் கிடைக்காத வண்டிக்கு, பேக்கிங் தாளை அந்தப் பாகத்தின் மேலேயே விரித்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்போரம் தட்டித் தட்டி அச்சுப் பிசகாமல் வெட்டி எடுக்கும் கை இன்னும் சில பட்டறைகளில் மிஞ்சியிருக்கிறது.

அந்தக் கை இல்லாத இடத்தில் டியூப் பேசுகிறது. முன்பு அரக்கைச் சாராவியில் கரைத்துச் செய்த ஷெல்லாக். இப்போது சிலிக்கோன் பசை. சென்னைத் தயாரிப்பான அனபாண்ட் டியூப் இல்லாத பட்டறை இங்கே அரிது. சிலிக்கோன் மோசமான பொருள் அல்ல. புதிய இன்ஜின்கள் பலவற்றில் ஆலையிலேயே பேக்கிங்குக்குப் பதில் அதைத்தான் இடுகிறார்கள். ஆனால் அது கேட்பது எண்ணெய்ப் பசையற்ற உலோகம், மெல்லிய ஒரே கோடு, இறுகுவதற்கு நேரம். எண்ணெய் வழியும் பரப்பில் தாராளமாகப் பிதுக்கினால் ஒட்டாது. உள்பக்கம் பிதுங்கிய மிச்சம் உதிர்ந்து, பம்ப் உறிஞ்சும் வடிகட்டியில் போய் அடைத்துக்கொள்ளும். சொட்டுக் கசிவை நிறுத்தப்போய் இன்ஜினுக்கே எண்ணெய் போகாமல் செய்துவிட முடியும்.

மாருதி 800இல் பாத்திரங்கள் மட்டும் மாறுகின்றன. குறுக்குவாக்கில் வைத்த அந்த இன்ஜினில் டிஸ்டிரிபியூட்டர் ஹெட்டின் முனையில், கியர்பாக்ஸுக்கு மேலே இருக்கிறது. அதன் கழுத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங். அது இறுகி வெடித்தால் எண்ணெய் கியர்பாக்ஸ் மேல் இறங்கி, கிளட்ச் பக்கம் சுற்றி அடியில் சொட்டும். பார்ப்பவருக்குப் பின் சீல் போன அடையாளம் அத்தனையும் அதில் பொருந்தும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் அந்த வளையத்துக்காக கியர்பாக்ஸ் இறங்கிய கதைகளை மாருதி மெக்கானிக்குகளே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். மறுமுனையில், டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் இருக்கும் முன் சீல்களின் கசிவோ வெளியே குறைவாகவே தெரியும். ஆனால் எண்ணெய் பட்ட பெல்ட் ஊறிக் கெட்டுப்போகும் என்பதால் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

*

இதுவரை சொன்னதெல்லாம் எங்கே என்பதைப் பற்றி. ஏன் என்ற கேள்வி இன்னும் பாக்கி.

பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்த வாயு எப்போதும் கிராங்க் அறைக்குள் இறங்கிக்கொண்டேயிருக்கும். புதிய இன்ஜினில் குறைவு, தேய்ந்த இன்ஜினில் அதிகம். அது வெளியேற ஒரு வழி வேண்டும், அதுதான் பிரீதர். பழைய கார்களில் பிரீதர் குழாய் தரையைப் பார்த்துத் தொங்கும். பி சீரிஸில் அது முன்பக்க டேப்பட் மூடியிலிருந்து கிளம்புகிறது. புகையும் எண்ணெய் ஆவியும் சாலையிலேயே கலந்தன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டம் தாங்காமல் கலிஃபோர்னியா இதில் தலையிட்டது. 1961 மாடல் கார்களிலிருந்து அந்த ஆவியை மறுபடி இன்ஜினுக்குள்ளேயே இழுத்து எரிக்கும் பி.சி.வி. வால்வு அங்கே வழக்கத்துக்கு வந்தது.

குழாயோ வால்வோ, ஆண்டுக்கணக்கில் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் இருப்பதிலேயே பலவீனமான இணைப்பைத் தேடி எண்ணெயைத் தள்ளும். டேப்பட் கவரை அடைத்தால் சேம்பர் கசியும். சேம்பரை அடைத்தால் முன் சீல் கசியும். ஒவ்வொரு பழுதும் சரியாகத்தான் பார்க்கப்பட்டிருக்கும். ஆனாலும் தரை காயாது. இதைச் சோதிக்கச் செலவே இல்லை. இன்ஜின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் வாயில் ஒரு தாளை வைத்தால், தாள் லேசாக உள்ளிழுக்கப்படுகிறதா, சும்மா கிடக்கிறதா, படபடவென்று தூக்கி எறியப்படுகிறதா என்று பார்க்கலாம். தூக்கி எறிந்தால் முதலில் பிரீதரைக் கழற்றிக் கழுவ வேண்டும். கழுவிய பிறகும் எறிந்தால் வளையங்கள் தேய்ந்துவிட்டன. அந்த இன்ஜினுக்கு இனி எந்த சீலும் மருந்தல்ல.

காரணம் இன்னும் விலகியும் இருக்கலாம். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் உள்ள வண்டியில் அதன் சவ்வு கிழிந்தால் பெட்ரோல் சேம்பருக்குள் இறங்கும். எண்ணெய் நீர்த்து, அதுவரை கசியாத இடமெல்லாம் கசியத் தொடங்கும். ஆயில் ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை தெரியும். எண்ணெய் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும். 20டபிள்யூ-40 கேட்கும் இன்ஜினுக்கு, விலை கூடியது நல்லதாக இருக்கும் என்ற நம்பிக்கையில் புதிய கார்களுக்கான மெல்லிய எண்ணெயை ஊற்றுவதும் இதே விளைவைத் தரும். கசிவை நிறுத்தும் மருந்து என்று விற்கப்படும் புட்டிகள் செய்வது சுருங்கி இறுகிய ரப்பரை ஊதி மென்மையாக்குவது. ரப்பர் சீல் உள்ள இடத்தில் கொஞ்ச காலம் பயன் உண்டு. கார்க்கிலும், வளைந்த தகரத்திலும், அம்பாசிடரின் மரையிலும் ஊதுவதற்கு ரப்பர் எங்கே இருக்கிறது?

புது சீல் போட்டும் கசிவு நிற்காத இடங்களில் பெரும்பாலும் குற்றவாளி தண்டு. லட்சம் கிலோமீட்டர்கள் உரசிய ரப்பர் உதடு இரும்பிலேயே பள்ளம் போட்டுவிடும். விரல் நகத்தால் தடவினால் அந்தப் பள்ளம் தட்டுப்படும். புது உதடு பழைய பள்ளத்திலேயே உட்கார்ந்தால் எண்ணெய்க்குத் தடையேதும் இல்லை. சீலை ஓரிரு மில்லிமீட்டர் முன்னால் அல்லது பின்னால் நகர்த்தி உட்காரவைப்பது ஒரு வழி. தண்டின் மேல் மெல்லிய எஃகு உறை ஏற்றுவது இன்னொன்று. இரண்டும் சில நிமிட யோசனையில் முடிபவை. கியர்பாக்ஸை இறக்கிய பிறகு அந்தச் சில நிமிடங்களைச் செலவிடாமல் மறுபடி மாட்டிவிடுவதுதான் வருத்தம்.

கசிவு சில இன்ஜின்களின் பிறவியிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதும் உண்மைதான். பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களின் கிராங்க் உறை நெடுக்காக இரண்டாகப் பிளந்தது. இணைப்பின் அடிப்பகுதி எப்போதும் எண்ணெயோடு உறவாடிக்கொண்டே இருக்கும். ஹோண்டா உறையைப் படுக்கைவாட்டில் பிளந்து இணைப்பை எண்ணெய் மட்டத்துக்கு மேலே கொண்டுபோனது. 1969இல் வந்த சிபி750 அடியில் சொட்டாத பெரிய மோட்டார் சைக்கிள் எப்படி இருக்கும் என்று உலகத்துக்குக் காட்டியது. சென்னை திருவொற்றியூரிலிருந்து 1950களில் கிளம்பிய புல்லட் அந்தப் பிரிட்டிஷ் மரபையே நெடுங்காலம் சுமந்தது. அதன் ரசிகர்கள் கசிவையும் வண்டியின் குணங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள். காதலர்கள் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் புதிதாகப் பிறந்த கசிவையும் பிறவிக் கசிவோடு சேர்த்து ரசித்துவிடும் அபாயம் அந்தப் பேச்சில் இருக்கிறது.

*

ஆக, எல்லாக் கசிவையும் நிறுத்த வேண்டியதில்லை. ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் இருபது சொட்டு என்று வைத்துக்கொண்டால், இரவுக்குப் பத்துச் சொட்டு விடும் கார் மாதத்துக்கு இழப்பது 15 மில்லி. 4 லிட்டர் சேம்பருக்கு அது கணக்கிலேயே வராது. புதிய கார்களுக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை எண்ணெய் எரிவது இயல்பு என்று கையேட்டில் எழுதும் நிறுவனங்கள் உண்டு. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு ஸ்டிக்கைப் பார்த்து, கிலோமீட்டரோடு ஒரு நோட்டில் குறித்துவந்தால், கார் எவ்வளவு இழக்கிறது என்பது தெரியும். இழப்பு ஒரே சீராக இருக்கிறதா கூடிக்கொண்டு போகிறதா என்பதும் தெரியும். சீராக இருந்தால் காத்திருக்கலாம். கிளட்ச் பிளேட் தேய்ந்து எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கும் நாளில் பின்முனையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது சிக்கனம்.

காத்திருக்கக் கூடாத கசிவுகளின் பட்டியல் சிறியது. அழுத்தப் பக்கத்துக் கசிவு எதுவானாலும். சைலன்சர் மேனிஃபோல்ட் மேல் விழுவது, அது தீப்பிடிக்கும். கிளட்ச்சை நனைப்பது; வண்டி மேட்டில் இழுக்காது. டைமிங் பெல்ட்டையும், இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகளையும் ஊறவைப்பது. இன்னொன்று காருக்கு வெளியே இருக்கிறது. சிக்னலில் நின்று நின்று போகும் வண்டிகள் விட்ட எண்ணெய், கோடை முடிந்து விழும் முதல் தூறலில் தார்ச்சாலையின் மேல் மிதந்து வரும். அதில் சறுக்கி விழுபவர் கார்க்காரர் அல்ல, பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர். மாதத்துக்கு 15 மில்லி என்பது ஒரு காரின் கணக்கு. சாலைக்கு அது எல்லாக் கார்களின் கூட்டுத்தொகை.

பவுடரும் நீல ஒளி டார்ச்சும் ஏன் நம் பட்டறைகளில் அரிது என்பதற்கு இப்போது வரலாம். பில்லில் அதை எழுத ஒரு வரி இல்லை. சீல் இவ்வளவு, பேக்கிங் இவ்வளவு, கியர்பாக்ஸ் ஏற்றி இறக்கிய கூலி இவ்வளவு என்று எழுதலாம். அரை நாள் கழுவி, துடைத்து, ஓடவிட்டு, குனிந்து பார்த்து, கடைசியில் ஒரு ஓ-ரிங்கை மாற்றியவர் என்ன எழுதுவார்? ஓ-ரிங் விலையும் பத்து நிமிடக் கூலியும்தான். இவ்வளவு சின்ன வேலைக்கா அரை நாள் வண்டியை வைத்திருந்தாய் என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். கியர்பாக்ஸை இறக்கியவருக்கோ உழைப்பு கண்ணுக்குத் தெரிவதால் காசு கேள்வியின்றி வருகிறது. சரியாகக் கண்டுபிடிப்பவர் நஷ்டப்படுகிறார், தவறாக அவிழ்ப்பவர் சம்பாதிக்கிறார் என்ற ஏற்பாட்டைச் செய்துவைத்திருப்பவர்கள் வாடிக்கையாளர்களாகிய நாம்தான். மெக்கானிக்கின் அவசரத்தில் நம் பங்கும் இருக்கிறது.

எனவே பழைய கார் வைத்திருப்பவர்கள் அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது “ஆயில் லீக்கை நிறுத்துங்க” என்று சொல்ல வேண்டாம். “இன்ஜினைக் கழுவி, எங்கேருந்து வருதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்கண்ணே, அதுக்குத் தனியா கூலி தர்றேன்” என்று சொல்லிப் பாருங்கள். சொன்னபடி கொடுத்தும் விடுங்கள். வேலையை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.